கண்மாய்க்குத் தூண்டில் போடப் போறீங்களா? கம்பு வாங்குறது கடைசி வேலை

ஆன்லைன்ல நாலாயிரம் ரூபாய்க்கு ராடும் ரீலும் வாங்கிட்டு, காலைல அஞ்சரை மணிக்கெல்லாம் சிவகங்கை ரோட்டு பக்கம் ஒரு கண்மாய்க் கரைல போய் நின்ன தம்பி ஒருத்தன எனக்குத் தெரியும். முதல் வீச்சு வீசுறதுக்குள்ள காவக்காரர் சைக்கிள்ல வந்து இறங்குனாரு. "தம்பி, யாரக் கேட்டு வந்தீக?" அவ்ளோதான், சுருட்டிட்டு வந்துட்டான். அந்த ராடு இப்ப அவங்க வீட்ல ஒட்டடை அடிக்குது.

வருசா வருசம் தெரிஞ்ச பசங்க, ஆபீஸ் ஆளுங்க, அக்கா மகன்னு யாரையாவது மதுரை, சிவகங்கை சுத்து வட்டாரத்துல கூட்டிட்டுப் போறேன், எல்லாரும் தடுக்கி விழுறது ஒரே எடத்துலதான். வரிசைய மாத்திப் பண்றாங்க. கம்பு வாங்கி, இரை வாங்கி, லீவு போட்டு, கடைசியா எங்க போறதுன்னு யோசிக்கிறாங்க. அத அப்படியே தலைகீழா பண்ணுங்க.

1. தண்ணி யார் கையில இருக்குன்னு கேளுங்க

கண்மாய்னா பொதுச்சொத்து, யாரு வேணா புடிக்கலாம்னு நெனைக்காதீங்க. பெரும்பாலான கண்மாய்ல மீன்பாசி குத்தகை, அதாவது மீன் வளர்த்துப் புடிக்கிற உரிமை, ஏலம் போயிருக்கும். பணம் கட்டி எடுத்தவரு குஞ்சு வாங்கி விட்டிருப்பாரு, அவரு அனுமதி இல்லாம நீங்க புடிச்சா அது திருட்டுத்தான்.

ஆயக்கட்டு, அதாவது அந்தத் தண்ணி பாயுற வயல், 100 ஏக்கருக்குக் கீழ இருந்தா கண்மாய் பொதுவா ஊராட்சி ஒன்றியத்துக்கிட்ட இருக்கும், அதுக்கு மேலன்னா நீர்வளத்துறை, அதத்தான் ஊர்ல இன்னமும் பிடபிள்யூடி கண்மாய்ம்பாங்க. ஆனா நீங்க ஆபீஸ் ஆபீஸா அலைய வேணாம். கண்மாய் இருக்க ஊர் டீக்கடைல ஒரு டீ சொல்லிட்டு "அண்ணே, கண்மாய் யாரு எடுத்துருக்கா?"ன்னு கேட்டா அஞ்சு நிமிசத்துல பேரு, போன் நம்பரு, அவருக்கும் ஏலத்துல தோத்தவருக்கும் என்ன சண்டைங்கிறது வரைக்கும் வந்துரும்.

குத்தகைக்காரர்கிட்ட பேசுறப்ப ஒரு விசயம் தெரிஞ்சு வச்சுக்கங்க. அவரு காசு போட்டது கட்லா, ரோகு, மிர்கால் மேல. ஜிலேபி, கெளுத்தி, குரவையெல்லாம் தானா வந்து பெருகுறது. அதனால "மீன் புடிக்கலாமா?"ன்னு மொட்டையா கேக்காதீங்க. "ஒத்தத் தூண்டில்ல ஜிலேபி மட்டும் புடிச்சுக்கிறோம்ணே, வளர்ப்பு மீனு மாட்டுனா திருப்பி விட்டுர்றோம்"னு கேளுங்க. என் அனுபவத்துல பத்துக்கு ஆறு பேரு சரின்னுருவாங்க, சிலர் ஆளுக்கு இவ்வளவுன்னு கேப்பாங்க, குடுத்துருங்க. முடியாதுன்னா வண்டிய எடுத்துட்டு அடுத்த ஊருக்குப் போயிருங்க, அங்க நின்னு வாதாடாதீங்க.

குத்தகை பெரும்பாலும் பசலி வருசக் கணக்குல ஓடும், அதாவது ஜூலை 1-லேருந்து ஜூன் 30 வரைக்கும். போன மார்ச்ல கேட்டு வாங்குன அனுமதிய நம்பி ஆகஸ்ட்ல போனா அங்க புது ஆளு நிக்கலாம். திரும்பக் கேக்கணும்.

சில எடத்துக்கு கேக்கவே வேணாம், போகக்கூடாது. வேட்டங்குடி, சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், மேலச்செல்வனூர்-கீழச்செல்வனூர் இதெல்லாம் பறவைகள் சரணாலயம், பாக்க சாதாரண கண்மாய் மாதிரிதான் இருக்கும் ஆனா வனத்துறை கையில இருக்கு, வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துல மாட்டிக்குவீங்க. கோயில் தெப்பக்குளமும் வேணாம். ஊர்ச் சாக்கடை வந்து விழுற கண்மாயும் வேணாம், அங்க மீனு நெறயா கெடைக்கும், கெடைக்கட்டும்.

இன்னொன்னும் டீக்கடைலயே கேட்ருங்க: மீன்பிடித் திருவிழா முடிஞ்சுருச்சா? கோடைல தண்ணி வத்துனதும் ஊரே ஊத்தா, கச்சான்னு கைல புடிக்கிற பொறியும் வலையுமா எறங்கி ஒரே நாள்ல தொடச்சு எடுத்துரும். அதுக்கு அடுத்த வாரம் போய் தூண்டில் போட்டுட்டு "ஒன்னுமே கடிக்கலயே"ன்னு ஒக்காந்திருந்தவங்க கூட்டத்துல நானும் ஒருத்தன்.

2. கம்பு இல்லாம ஒரு தடவை போய்ப் பாருங்க

அனுமதி கெடைச்சதும் ஒரு சாயங்காலம் சும்மா போங்க. இத யாருமே செய்யுறதில்ல, அதனாலதான் முதல் ட்ரிப்புல பாதி நேரம் எடம் தேடுறதுலயே போயிருது.

கரை மேல நடந்துக்கிட்டே அஞ்சு விசயம் பாருங்க. மடை (வயலுக்குத் தண்ணி தொறந்து விடுற எடம்) எங்க இருக்கு, கலுங்கு (மிச்சத் தண்ணி வழிஞ்சு போற எடம்) எங்க இருக்கு, வரத்துக்கால் (கண்மாய்க்குத் தண்ணி கொண்டு வர்ற வாய்க்கால்) எந்தப் பக்கம் வந்து சேருது, கருவேல மரம் தண்ணிக்குள்ள எவ்வளவு தூரம் நிக்குது, ஆகாயத்தாமரையும் பாசியும் எந்த மூலைல ஒதுங்கிக் கெடக்கு. கண்மாய் கரைப் பக்கம் ஆழமா இருக்கும், உள்வாய்ப் பக்கம், அதாவது கரைக்கு எதிர்ப்பக்கம், போகப் போக தட்டையாயிரும், அதனால மடைகிட்டதான் கடைசி வரைக்கும் தண்ணி நிக்கும், மீனும் அங்கதான் சேரும். ஆனா மடைக்கு நேரா போடாதீங்க, தொறந்திருந்தா தக்கைய (தூண்டில் நூல்ல கட்டுற மிதவை) தண்ணி இழுத்துட்டுப் போயிரும். அதுக்குப் பத்துப் பதினஞ்சு அடி தள்ளி, மேல மரக்கிளை எதுவும் தொங்காத எடமா பாத்து மனசுல குறிச்சுக்கங்க.

இப்ப முக்கியமானது. மண்ணு எடுத்த குழி. நெறயா கண்மாய்ல வண்டல், சவுடுன்னு ஜேசிபி விட்டு அள்ளியிருப்பாங்க, மழை பெஞ்சதும் எல்லாம் ஒரே மட்டமாத் தெரியும். முழங்கால் தண்ணின்னு எறங்குவீங்க, அடுத்த எட்டு ஆள் ஆழம். அத வெளியிலருந்து பாத்துக் கண்டுபுடிக்க வழியே இல்ல, மாடு மேய்க்கிறவங்ககிட்ட கேட்டா மட்டும்தான் தெரியும், "அந்த ஒத்தப் பனைக்கு நேரா போயிறாதீக"ன்னு கையக் காட்டுவாங்க. நான் வச்சிருக்க விதி: தூண்டிலு எதுல சிக்குனாலும் தண்ணிக்குள்ள கால் வைக்கிறதில்ல. ஒரு தூண்டில் முள்ளு அஞ்சு ரூபாதான்.

அப்படியே தலைக்கு மேலயும் பாருங்க. கரைய ஒட்டி கரண்டு லைன் போகுதா? கார்பன் ராடு கரண்டக் கடத்தும். லைனுக்குக் கீழ ராட தூக்கிப் புடிச்சுட்டு நடக்குறதும் உக்காந்து வீசுறதும் ரெண்டுமே வேணாம்.

3. மாசம், நேரம்

நம்ம பக்கம் கண்மாய் நெறையுறது வடகிழக்குப் பருவமழைலதான், ஐப்பசி கார்த்திகை. புதுத்தண்ணி வந்ததும் மீனு வரத்துக்கால எதிர்த்து ஏறும், அத அங்க வச்சே அள்ளுறவங்க உண்டு, நான் அதுக்குப் போக மாட்டேன், வயித்துல முட்டையோட போறதப் புடிச்சா அடுத்த வருசத்துக்கு என்ன இருக்கும். தண்ணியும் அப்ப கலங்கலா செவசெவன்னு கெடக்கும்.

தை, மாசி, பங்குனி இந்த மூணுதான் புதுசா வர்றவங்களுக்குத் தோதான மாசம். தண்ணி தெளிஞ்சு, கொஞ்சம் வத்தி, மீனு ஒரு எடத்துக்கு ஒதுங்கியிருக்கும்.

நேரம், காலைல ஆறரைலேருந்து ஒம்பதரை, சாயங்காலம் நாலரைலேருந்து இருட்டுறதுக்கு அரை மணி முன்ன வரைக்கும். மத்தியானம் மேல் தண்ணி சுட்டு மீனு ஆழத்துக்கு எறங்கிரும், உங்க மண்டையும் காயும். இருட்டுக்குள்ள கரைல நடக்குறது நல்லதில்ல, புல்லுக்குள்ள கண்ணாடி விரியன் இருக்கும்.

விடியக்காலைல மீனெல்லாம் மேல வந்து வாயத் தொறந்து தொறந்து மூடிட்டு நிக்கிறதப் பாத்து புதுசா வந்தவங்க துள்ளிக் குதிப்பாங்க, அடடா இம்புட்டு மீனான்னு. அது பசிக்கு வர்றதில்ல. ராத்திரியெல்லாம் பாசியும் செடியும் தண்ணில இருக்க ஆக்சிஜன எடுத்துக்கிட்டதால மூச்சு முட்டி மேல வருது, முக்கியமா மேகமூட்டமான நாளுக்கு மறுநாள். அப்ப எத்தன புழு போட்டாலும் கடிக்காது. வெயில் ஏறட்டும், டீ குடிச்சுட்டு வாங்க.

4. எந்த மீனுன்னு ஒன்ன முடிவு பண்ணுங்க

எல்லாத்தையும் புடிக்கிற ஒரே செட்டுன்னு எதுவும் கெடையாது. முதல் நாலு ட்ரிப்புக்கு ஜிலேபி மட்டும்னு வச்சுக்கங்க. எங்கயும் இருக்கும், பகல்ல கடிக்கும், ஒரு மணி நேரத்துல பத்துக் கடியாவது பாப்பீங்க, அந்தப் பத்துக் கடிலதான் கை பழகும்.

விராலுக்கு ஆசப்பட்டுத்தான் பாதிப் பேரு இதுக்குள்ள வர்றாங்க, எனக்கும் அப்படித்தான். ஆனா அது தனி வித்தை. பாசி ஓரமா ரப்பர் தவளைய இழுத்துக்கிட்டே போகணும், நாலு நாளைக்கு ஒன்னு மாட்டும். அதுல ஒன்னு மட்டும் சொல்லிர்றேன், தண்ணி மேல செவப்பா கொத்தா குஞ்சுக மெதந்து நகர்றதப் பாத்தா அதுக்குக் கீழ தாயும் தகப்பனும் காவலுக்கு நிக்கும். கிட்ட எது வந்தாலும் பாயும், அதனால புடிக்கிறது சுலபம். புடிச்சுட்டீங்கன்னா அந்தக் குஞ்சு மொத்தமும் அன்னைக்கே மத்த மீனுக்கு எரை. விட்டுட்டு அடுத்த மூலைக்குப் போங்க.

5. இப்ப கடைக்குப் போங்க

ஜிலேபிக்கு ரீல் தேவையே இல்ல. பத்தடி மூங்கில் கம்பு, இல்லன்னா மடக்குற டெலஸ்கோப் கம்பு போதும். கம்பு எவ்வளவு நீளமோ நரம்பும் (தூண்டில் நூல்) கிட்டத்தட்ட அதே நீளம், ஒரு அடி கொறச்சலா இருந்தா இன்னும் நல்லது, மீன தூக்குனா நேரா கைக்கு வரும்.

நரம்பு, தங்கூஸ்னு கேட்டாலும் குடுப்பாங்க, 0.20-லேருந்து 0.25 மி.மீ. கனம். பெரிய மீனு வந்தா அறுந்துருமேன்னு 0.40 வாங்குறதுதான் அடிக்கடி நடக்குற தப்பு, தடி நரம்பு சுருள் சுருளா நிக்கும், எரை இயல்பா எறங்காது, மீனுக்குச் சந்தேகம் வந்துரும்.

முள்ளு 10 இல்லன்னா 12 நம்பர். நம்பர் கூடக் கூட முள்ளு சின்னதாகும், இதத் தலைகீழா புரிஞ்சுக்கிட்டு 2-ஆம் நம்பர் வாங்கிட்டு வந்தா, ஜிலேபி வாயே அவ்வளவுதான்ங்கிறப்ப எப்படிப் புடிக்கும்? கம்பெனிக்குக் கம்பெனி அளவு மாறும், அதனால நம்பர மட்டும் நம்பாம சுண்டு விரல் நகத்துமேல வச்சுப் பாருங்க. நகத்தத் தாண்டிச்சுன்னா பெருசு. பத்து முள்ளு வாங்குங்க, அஞ்சு எப்படியும் கருவேல மரத்துக்குக் காணிக்கை.

தக்கைக்கு மயிலெறகுத் தண்டு மாதிரி ஒன்னு கெடையாது, சின்னத் தொடுதலுக்கே ஆடும். தோட்டத்துல உதுந்து கெடந்தா எடுத்துக்கலாம், இல்லன்னா சோளத்தட்டைய ரெண்டு இஞ்ச் வெட்டிக்கங்க. பழைய ரப்பர் செருப்பு வெட்டி மாட்டுறவங்களும் உண்டு, அது கனம், சின்ன மீனு கடிச்சா தெரியாது. கூட எடைக்கு ஈயம் கொஞ்சம், மூக்கு நீண்ட ப்ளையர் ஒன்னு. எல்லாம் சேத்து ஐநூறு ரூபாய்க்குள்ள முடிச்சுரலாம்.

6. எரை, முந்துன நாளே

காலைல போற வழியில தோண்டிக்கலாம்னு நெனைச்சா காஞ்ச மண்ணுல ஒன்னும் இருக்காது. முந்துன நாள் சாயங்காலம் வாழை மரத்தடி, பாத்திரம் கழுவுற தண்ணி போற எடம், அங்க ஒரு மண்வெட்டி போட்டா மண்புழு வரும். அதே ஈர மண்ணோட கொட்டாங்கச்சில போட்டு ஈரத்துணியால மூடி வைங்க. வெறும் தண்ணி ஊத்துன டப்பாவுல போட்டா விடியறதுக்குள்ள செத்து நாறிரும்.

ரெண்டாவது எரை மாவு. மைதா ரெண்டு பங்கு, பொடிச்ச கடலைப் புண்ணாக்கு ஒரு பங்கு, கொஞ்சமா தண்ணி தெளிச்சு சப்பாத்தி மாவ விட கெட்டியா பெசையணும். இங்கதான் எல்லாரும் விடுறாங்க: பெசையும்போதே கொஞ்சம் பஞ்ச பிச்சுப் பிச்சு சேத்துருங்க. பஞ்சு இல்லாத மாவு தண்ணில எறங்குன ஒரு நிமிசத்துல கரைஞ்சு போயிரும், நீங்க வெறும் முள்ளப் போட்டுட்டு அரை மணி நேரம் தக்கையவே மொறச்சுப் பாத்துட்டு இருப்பீங்க. பஞ்சு சேத்த மாவு முள்ள விட்டு நகராது.

கலங்கல் தண்ணின்னா புழு, தெளிஞ்ச தண்ணின்னா மாவு, இப்படித்தான் நான் ஆரம்பிக்கிறது. கலங்கல்ல மீனுக்குக் கண்ணு உதவாது, நெளிவும் வாடையும் வச்சுத்தான் தேடி வரும்.

7. பையில என்ன

தண்ணி ஆளுக்கு ரெண்டு லிட்டர், தொப்பி, முழுக்கால் மூடுற பேண்ட், ஷூ. செருப்பு போட்டு வராதீங்க, கருவேல முள்ளு செருப்பத் தொளச்சு காலுக்குள்ள ஏறும். மூடியுள்ள வாளி, பழைய துணி, அவ்வளவுதான். பாட்டில் வேணாம், நான் சொல்றது எந்தப் பாட்டில்னு தெரியும்ல, கரைல அய்யனார் கோயில் இருக்கும், ஒரு தடவை ஒருத்தன் கொண்டு வந்ததுக்கு அந்த ஊரு எங்களுக்கு மொத்தமா கதவச் சாத்திருச்சு.

போற எடத்த வீட்ல சொல்லிட்டுப் போங்க. பாம்பு கடிச்சுட்டா கட்டுப் போடாதீங்க, கீறாதீங்க, ஆள ஆட விடாம 108-க்கு அடிச்சு விசமுறிவு மருந்து இருக்க அரசு ஆஸ்பத்திரிக்குப் போகணும். பச்சிலைக்காரர் பக்கத்துலயே இருக்காருன்னு ஊர்ல சொல்லுவாங்க, கேக்காதீங்க. இடி இடிச்சா கம்பக் கீழ போட்டுட்டு மரத்தடில ஒதுங்காம கட்டடத்துக்குள்ளயோ மூடுன காருக்குள்ளயோ போயிருங்க.

8. கரைல உக்காந்ததும் முதல்ல ஆழம்

முள்ளுல எரைய மாட்டாம ஈயத்த மட்டும் கொஞ்சம் கூடுதலா கட்டிப் போடுங்க. தக்கை முழுகிப் போச்சுன்னா ஆழம் கூட, தக்கைய மேல ஏத்தணும். தக்கை படுத்துக் கெடந்தா ஈயம் தரையில உக்காந்துருச்சு, தக்கைய எறக்கணும். மெல்ல மெல்ல மாத்தி தக்கை நிமிந்து நுனி மட்டும் தெரியுற அளவு வந்தா அதுதான் தரை ஆழம். அங்கேருந்து தக்கைய அரை அடி எறக்குங்க, எரை தரைக்குக் கொஞ்சம் மேல நிக்கும், ஜிலேபிக்குச் சரியா இருக்கும். இந்த அஞ்சு நிமிச வேலைய விட்டவங்கதான் பக்கத்துல இருக்கவன் வாளியப் பாத்துப் பெருமூச்சு விடுறது.

சூரியன் முதுகுக்குப் பின்னாடி இருந்தா உங்க நிழல் தண்ணி மேல விழும், மீனு ஒதுங்கிரும். உக்காந்துட்டா நிழல் சுருங்கிரும், அதனால நிக்காதீங்க. காத்து முதுகுப் பக்கமா அடிச்சா வீசுறது சுலபம்.

அப்புறம் தக்கையப் படிக்கணும். ஜிலேபி டக்கு டக்குன்னு குத்திக் குத்திப் பாக்கும், நாலாவது அஞ்சாவது குத்துல ஒரு பக்கமா இழுக்கும், அப்பத்தான் சுண்டணும். முதல் குத்துலயே சுண்டுனா எரை மட்டும் போகும். கெளுத்தி அப்படியெல்லாம் யோசிக்காது, சரக்குன்னு ஒரே இழுப்பு. தக்கை முழுகாம திடீர்னு மேல எழும்பி படுத்துச்சுன்னா அடில மேயுற மிர்கால் மாதிரி ஏதோ ஒன்னு எரைய வாயில எடுத்துட்டு தலையத் தூக்குதுன்னு அர்த்தம், அதுவும் கடிதான். எங்கக்கா மகன் மொத நாள் அத "தக்கை ரிப்பேரு மாமா"ன்னு கழட்டி மாட்டிட்டு இருந்தான், எதிர்க்கரைல இருந்த பெரியவர் சத்தம் போட்டாரு, "டேய் இழுடா, மீனுடா!"

சுண்டுறதுன்னா மணிக்கட்டு மட்டும், ஒரு ஜாண் அளவு. தோள்லேருந்து இழுத்தீங்கன்னா மீனு உங்க தலைக்கு மேல பறந்து பின்னாடி இருக்க கருவேல மரத்துல தொங்கும்.

இருபது நிமிசம் ஒரு கடியும் இல்லன்னா எரைய மாத்தாதீங்க, எடத்த மாத்துங்க.

9. மீன கழட்டும்போது

ஜிலேபி முதுகுத் துடுப்புல முள்ளு வரிசையா இருக்கும், தலையிலேருந்து வால் பக்கமா கையத் தடவிக்கிட்டே அமுக்கிப் புடிக்கணும். ஈரத்துணி வச்சுப் புடிங்க.

கெளுத்தி வந்தா முதுகுல ஒன்னு, ரெண்டு பக்கமும் ஒன்னொன்னுன்னு மூணு முள்ளு, அதுலயும் தேளிங்கிற கெளுத்தி வகை குத்துனா வலி தாங்காது. வெறுங்கைல தொடாம கீழ வச்சு துணியால அமுக்கி ப்ளையரால கழட்டுங்க. குத்திருச்சுன்னா பொறுக்குற சூட்டுல வெந்நில கைய வச்சா வலி அடங்கும், முள்ளு உள்ள ஒடஞ்சிருந்தாலோ வீங்கிட்டே போனாலோ ஆஸ்பத்திரி. தூண்டில் முள்ளு கையில ஆழமா ஏறிட்டாலும் அதேதான், இழுத்துப் பாக்காதீங்க, முள்ளு நுனில பின்பக்கமா நீட்டியிருக்க கொண்டி சதையக் கிழிக்கும்.

கட்லா, ரோகு மாட்டுனா சொன்ன சொல்லுப்படி திருப்பி விடுங்க, கைய நனைச்சுட்டுப் புடிங்க. ஆப்பிரிக்கக் கெளுத்தி வந்தா மட்டும் திருப்பி விடாதீங்க, வளர்க்கவே தடை பண்ண மீனு அது, மத்த மீனையெல்லாம் தின்னு தீத்துரும். காவக்காரர்கிட்ட காட்டுங்க, அவரே சந்தோசப்படுவாரு.

அறுந்த நரம்ப அங்க விட்டுட்டு வராதீங்க. கொக்கு, நாரை, மயிலு கால்ல சுத்திக்கிட்டா பறக்க முடியாம சாகும். பொடிப்பொடியா வெட்டி டப்பாவுல போட்டு வீட்டுக்குக் கொண்டு வந்துருங்க.

கெளம்பும்போது வாளியத் தொறந்து காவக்காரர்கிட்ட காட்டிட்டு, வேணும்னா நாலு மீனு குடுத்துட்டு வாங்க. அடுத்த தடவை அனுமதிக்கு போன் பண்றப்ப அவரே எடுப்பாரு.

10. வீட்டுக்கு வந்ததும்

கண்மாய் ஜிலேபில மண்வாடை அடிக்குதுன்னு சொல்றவங்க பெரும்பாலும் வயித்துக்குள்ள இருக்க கருப்புத் தோல எடுக்காதவங்க. குடல எடுத்ததும் உள்பக்கம் கருப்பா மெல்லிசா ஒட்டியிருக்கும், கல்லு உப்பு போட்டு விரலால தேய்ச்சா உரிஞ்சு வரும். செவுள முழுசா பிச்சுருங்க. மஞ்சளும் புளித்தண்ணியும் ஊத்திக் கால் மணி நேரம் வச்சுட்டு அலசுங்க. குழம்ப அன்னைக்கே சாப்புடாம மறுநாள் காலைல இட்லிக்கு ஊத்துனா அந்த ருசி வேற.

கம்ப தொடச்சு நிழல்ல சாத்தி வைங்க, முள்ளுல ஒரு சொட்டு தேங்காண்ணெய் தடவுனா துரு ஏறாது. மிச்சமிருக்க புழுவ வாழை மரத்தடிலயே திரும்ப விட்ருங்க. அடுத்த வாரத்துக்கு ஆகும்னு ஃப்ரிட்ஜ்ல டப்பாவுல போட்டு வச்ச ஒருத்தர எனக்குத் தெரியும், அதுக்கப்புறம் இன்னைக்கு வரைக்கும் அவரு வீட்ல தூண்டில் பேச்சே எடுக்க முடியல.